லாஸ்பேட்டையா, கோட்டக்குப்பமா? கார் நம்பரை மாற்றும் முன் வீட்டை முடிவு செய்யுங்கள்

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்கிறோம். எனக்கு அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் கார் டிஎன் 49 பதிவு. வங்கிக் கடன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. "முப்பது நாளுக்குள் பிஒய் (புதுச்சேரி) நம்பர் வாங்காவிட்டால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள்" என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். 25,000 ரூபாய் கொடுத்துச் சில படிவங்களில் கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றையும் அவரே முடித்துத் தருவாராம். லாஸ்பேட்டையில் ஒரு வீடும் கோட்டக்குப்பத்தில் ஒரு வீடும் பார்த்திருக்கிறோம், இன்னும் முடிவு செய்யவில்லை. புரோக்கரிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. கையெழுத்தும் போட வேண்டாம். நம்பர் மாற்ற உங்களுக்கு முப்பது நாள் கெடு கிடையாது, ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. எந்த வீட்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, நம்பரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம்.

முதலில் அந்த முப்பது நாள் கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இரண்டு பிரிவுகள் அருகருகே வருகின்றன. பிரிவு 47 நம்பரைப் பற்றியது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு, விண்ணப்பிக்க விதிகள் தரும் அவகாசம்தான் முப்பது நாள். பிரிவு 49 முகவரியைப் பற்றியது. வீடு மாறினால் முப்பது நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தப் பிரிவு. இரண்டு இடத்திலும் முப்பது நாள் வருகிறது அல்லவா? புரோக்கர்கள் பன்னிரண்டு மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு முப்பது நாளை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். பிரிவு 46 இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். டிஎன் பலகையோடு புதுச்சேரியில் ஓட்டுவது குற்றம் இல்லை. அந்த ஒரே காரணத்துக்காக உங்கள் வண்டியை யாரும் பறிக்க முடியாது.

அடுத்து வீடு. உங்கள் கேள்வியில் கடைசி வரியில் வந்தாலும் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யப்போவது இதுதான். வெளியூர்க்காரர்கள் பலர் புதுச்சேரியை ஒரே துண்டு நிலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. முத்தியால்பேட்டை தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருகிற கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். அதையும் தாண்டிப் பல்கலைக்கழகம் இருக்கிற காலாப்பட்டுக்குப் போனால் மறுபடி புதுச்சேரி. ஆரோவில்லின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. லாஸ்பேட்டை புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்குள் வருகிறது.

நீங்கள் லாஸ்பேட்டை வீட்டை எடுத்தால் கார் மாநிலம் மாறுகிறது, பிரிவு 47 உங்களுக்குப் பொருந்தும். கோட்டக்குப்பம் வீட்டை எடுத்தால் நீங்கள் தமிழ்நாட்டை விட்டே போகவில்லை. டிஎன் 49 நம்பர் அப்படியே இருக்கும். அந்தப் பகுதிக்கு உரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வங்கியின் சம்மதத்தோடு படிவம் 33 கொடுத்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) முகவரியை மாற்றினால் போதும். என்.ஓ.சி. (வண்டி வேறு மாநிலத்துக்குப் போக ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையின்மைச் சான்று), புது நம்பர், புது வரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பகல் முழுக்கக் கார் புதுச்சேரியில் பள்ளி வாசலில்தானே நிற்கும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டம் கேட்பது வண்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய், சாயங்காலம் கோட்டக்குப்பம் வீட்டுக்குத் திரும்புகிற கார் தமிழ்நாட்டில் வைத்திருக்கிற கார்தான். யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு வாடகை ஒப்பந்த நகலும் மின்கட்டண ரசீதும் வண்டியில் இருக்கட்டும்.

இந்த இடத்தில் வீட்டுத் தரகர்கள் செய்கிற ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். கோட்டக்குப்பம் வீட்டைப் 'பாண்டிச்சேரி வீடு' என்றுதான் விளம்பரம் செய்வார்கள். பின்கோடை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் கை கொடுக்காது. லாஸ்பேட்டைக்கும் 605 என்றுதான் தொடங்குகிறது, கோட்டக்குப்பத்துக்கும் 605 என்றுதான் தொடங்குகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ்நாடு மின்வாரியத்தின் ரசீதா, புதுச்சேரி மின்துறையின் ரசீதா என்பதைப் பார்த்தாலே விஷயம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதில் எந்த நகராட்சி என்று பாருங்கள். ரேஷன் கார்டும் இதை ஒட்டித்தான். கோட்டக்குப்பம் என்றால் கார்டில் முகவரி மாற்றம் மட்டும் போதும். லாஸ்பேட்டை என்றால் தமிழ்நாட்டுக் கார்டை ஒப்படைத்துவிட்டு அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்காக லாஸ்பேட்டையில் குடியிருந்துகொண்டு கோட்டக்குப்பத்தில் யாருடைய முகவரியையோ காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தலைகீழாக, தமிழ்நாட்டில் குடியிருந்துகொண்டு வரி குறையும் என்பதற்காகப் புதுச்சேரி முகவரி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முகவரியை ஏற்பாடு செய்து கொடுப்பதும் புரோக்கர்கள்தான். 2017-இல் கேரளத்தைச் சேர்ந்த பிரபலங்களின் சொகுசு கார்கள் புதுச்சேரியில் போலி முகவரியில் பதிவானதாகப் பெரிய சர்ச்சை எழுந்து, வழக்குகள் வரை போனது. மாட்டிக்கொண்டது ஆர்.சி.யில் பெயர் இருந்தவர்கள்.

சரி, லாஸ்பேட்டை என்றே முடிவு செய்தால் என்ன செய்வது?

குடிபோன தேதிக்கு ஒரு ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தமும் சாமான் ஏற்றிய வண்டியின் ரசீதும் போதும். பன்னிரண்டு மாதக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். முகவரி மாறியதைப் படிவம் 33-இல் எழுதி, வங்கியின் சம்மதத்தோடு முப்பது நாளுக்குள் புதுச்சேரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பித் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நடைமுறையில், "அடுத்த மாநிலத்து வண்டியா? என்.ஓ.சி. கொண்டு வாருங்கள்" என்பார்கள். முகவரிக்கு முப்பது நாள், நம்பருக்குப் பன்னிரண்டு மாதம் என்று சட்டம் பிரித்து வைத்திருப்பதை அலுவலகங்கள் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கின்றன. புரோக்கர்களின் பிழைப்பே இந்த முடிச்சில்தான் ஓடுகிறது. எப்படியானாலும் நீங்கள் தெரிவித்ததற்கு ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

என்.ஓ.சி.க்கு இப்போதே ஓட வேண்டாம். புது வேலை ஒத்துவருகிறதா, அந்த வீட்டிலேயே தொடரப் போகிறீர்களா என்று பாருங்கள். என்.ஓ.சி. வாங்கிவிட்டால் தஞ்சாவூர் அலுவலகத்தில் அந்த வண்டிக்கு வேறு எந்த வேலையும் நடக்காது. மனம் மாறினால் அதை ரத்து செய்ய இன்னொரு விண்ணப்பம், இன்னொரு அலைச்சல். பத்து மாதம் போல ஆன பிறகு தொடங்கினால் போதும்.

தொடங்கும்போது முதல் கதவு வங்கி. உங்கள் ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வங்கிக் கடன் பதிவு இருப்பதால், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற வங்கியின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். கடன் முழுதும் அடைந்தால்தான் கொடுப்போம் என்று கிளையில் சொல்லிப் பார்ப்பார்கள். அது வேறு சான்று, கடன் முடிந்து எச்.பி. நீக்குவதற்கானது. நீங்கள் கேட்பது, கடன் பதிவு அப்படியே இருக்க வண்டி மாநிலம் மாறுவதற்கான சம்மதம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் "வங்கி என்.ஓ.சி." என்று மொட்டையாகக் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் முதலாவதைத்தான் நினைப்பார். எழுத்தில் கேளுங்கள், "பிரிவு 51-இன் கீழ், வேறு மாநிலத்தில் புதுப் பதிவு எண் பெறுவதற்காக" என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஏழு நாளுக்குள் வங்கி கொடுக்க வேண்டும், அல்லது ஏன் கொடுக்கவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அதே பிரிவு. அப்படிக் கொள்ளப்பட்ட சான்றை ஆர்.டி.ஓ. கவுன்டரில் நீட்டினால் என்ன முகபாவம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வங்கியிடம் கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் இருந்தால், கிளை மேலாளரிடம் பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் எதுவுமே இருக்காது.

வங்கிக் கடிதம் வந்ததும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கலாம். படிவம் 28. இ-சலான் பாக்கி ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே கட்டிவிடுங்கள். இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் அறிக்கையை அலுவலகமே வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் பிரிவு 48-இல் இருப்பது. விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் கொடுத்தோம் அல்லது மறுத்தோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. விண்ணப்ப ரசீதை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

தஞ்சாவூர் அலுவலகமும் புதுச்சேரி அலுவலகமும் பார்ப்பது ஒரே வாகன் தரவுத்தளத்தை. இங்கே தட்டினால் அங்கே தெரிகிறது. பிறகும் படிவம் 28-ஐப் பல பிரதி கேட்கிறார்கள், அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணைப் பென்சிலால் உரசி எடுத்து ஒட்டச் சொல்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் வீடு மாறுகிற ஒரு ஆசிரியை இத்தனை தாள் சுமக்க வேண்டிய காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தத் தாள்களைப் பார்த்து மிரண்டுதான் மக்கள் புரோக்கரிடம் போகிறார்கள்.

என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு புதுச்சேரி அலுவலகத்தில் படிவம் 27, முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றோடு வண்டியையும் நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து அங்கே சாலை வரி கட்ட வேண்டியிருக்கும். அப்புறம்தான் பிஒய் நம்பரும் புது உயர்பாதுகாப்பு நம்பர் பலகையும்.

இப்போது அந்தப் புரோக்கர் கையெழுத்துக் கேட்ட படிவங்கள். அவற்றின் எண்ணைப் பாருங்கள். 29, 30 என்று இருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை வண்டியை விற்கும்போது பெயர் மாற்றுவதற்கான படிவங்கள். உங்கள் வேலைக்கு 28, 27, 33 இந்த மூன்றுதான் வேண்டும். வெற்றுப் படிவம் 29-லும் 30-லும் நீங்கள் கையெழுத்துப் போட்டு அசல் ஆர்.சி.யையும் கொடுத்தால், காரை விற்பதற்கான தாள்கள் முழுவதும் அவர் கையில் இருக்கின்றன. "எல்லாரும் இப்படித்தான் கொடுப்பார்கள், சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்பார். யாருடைய பாதுகாப்புக்கு என்று கேளுங்கள்.

அடுத்த பொறி கைபேசி எண். ஆர்.சி. பதிவில் எந்த எண் இருக்கிறதோ அதற்குத்தான் ஓ.டி.பி. வரும். கார் வாங்கிய நாளில் ஷோரூம்காரரோ புரோக்கரோ தன் எண்ணையே போட்டு வைத்திருப்பது சர்வசாதாரணம். இன்றைக்கே பரிவாகன் தளத்தில் உங்கள் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் வேலையாக மாற்றுங்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் தொலைபேசியில் வாசித்துக் காட்டாதீர்கள்.

புரோக்கர் ஒரு வார்த்தைகூடப் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டியிருக்கிறீர்கள். வண்டி மாநிலத்தை விட்டுப் போனால் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திருப்பிக் கேட்கலாம். புது ஆர்.சி. வந்த பிறகு, அதன் நகலோடு தஞ்சாவூர் அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். தானாக வராது. பணம் வந்து சேர நாளாகும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பழைய ஆர்.சி., வரி ரசீது, என்.ஓ.சி. எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன்பே நகல் எடுத்து வையுங்கள்.

நம்பர் மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் புது எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் பழைய எண்ணோடுதான் இணைந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். வங்கிக்குப் புது ஆர்.சி. நகல் ஒன்று. ஓட்டுநர் உரிமத்துக்காக எங்கும் அலைய வேண்டாம், தமிழ்நாட்டில் வாங்கியது புதுச்சேரியிலும் செல்லும்.