ஏற்றத்தில் இழுக்காத மொரிஸ் மைனர்: காபரேற்றரில் கைவைக்க முன்

கேள்வி: வாப்பா ஓடிய 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 என்னிடம் இருக்கிறது. எஞ்சின் 1098 சிசி. காத்தான்குடி, மட்டக்களப்பு என்று ஊருக்குள் ஓடும்போது குறையில்லை. செங்கலடியால் பதுளைக்குப் போனால், பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது (எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது), இழுவையும் இல்லை. சூட்டில் நிறுத்தினால் அரை மணித்தியாலத்துக்கு ஸ்டார்ட் வராது. ஒரு கராச்சில் பெரிய காபரேற்றர் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் எஞ்சினை இறக்கிப் போர் அடிக்க, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். இந்த எஞ்சின் புதிதில் 48 குதிரைவலு கொடுத்தது. உங்கள் காரில் இன்று அதில் எவ்வளவு மிச்சம் என்பதே தெரியாமல் மேலே கூட்டப் பார்ப்பது காசைக் கரைக்கும் வேலை. தொலைந்த வலுவை முதலில் மீட்போம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்), டெப்பட் (வால்வு இடைவெளி), டிஸ்ரிபியூற்றர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது), கடைசியில்தான் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலப்பது). ஒழுங்கை மாற்றினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிவிடுவீர்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க அமுக்கிக்கொண்டு கொம்பிரஷன் கேஜ் பிடியுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பிடித்தால் அளவு ஏறுகிறதா? ரிங்ஸ் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? வால்வில் ஒழுகுகிறது. அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகியுங்கள். போர் அடிப்பதா இல்லையா என்று இந்தச் சோதனைக்குப் பிறகு பேசலாம்.

டெப்பட் இடைவெளி, எஞ்சின் ஆறியபின், 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். ஒன்பதுக் கணக்கு தெரிந்தால் வேலை சுலபம்: முன்பக்கத்திலிருந்து எண்ணி 8ஆவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1ஆவதைச் சரிசெய்யுங்கள், 7 அமுங்கும்போது 2, 6 அமுங்கும்போது 3. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. எக்ஸோஸ்ட் வால்வுகளின் இடைவெளி சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை தானாகச் சுருங்கிக்கொண்டே போனால் கவனியுங்கள். இலங்கையில் 2002ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. ஈயம்தான் அந்த வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. அது இல்லாமல் நீண்ட ஏற்றங்களில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். ஹெட் எப்போதாவது கழற்றப்பட்டால் கடின உலோக இருக்கை போட்டுவிடுங்கள்.

இனி டிஸ்ரிபியூற்றர். உங்கள் மிஸ் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், அந்த அமுக்கத்தில் பொறி பாய்வது கடினம். சமதரையில் எப்படியோ சமாளிக்கும் நலிந்த பொறி அங்கே கைவிட்டுவிடும். பல மாதமாகக் காபரேற்றர் ஜெற்றை மாற்றி மாற்றி அலைந்த ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். குற்றம், டிஸ்ரிபியூற்றருக்குள்ளே பொயின்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) தட்டிலிருந்து உடலுக்கு வரும் மெல்லிய எர்த் வயரில். உறைக்குள்ளே அறுந்திருந்தது, வெளியே பார்த்தால் முழுசாகத் தெரிந்தது. அக்சிலரேற்றரை அமுக்கும்போது வெற்றிடக் குழாய் அந்தத் தட்டைத் திருப்பும், வயர் இழுபடும், பொறி விட்டு விட்டு வரும். உங்களுடையதில் அந்த வயரை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு அசைந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயபிரம் கிழிந்திருக்கிறது.

பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம். மலிவான புதிய கொண்டென்சரையும் (பொயின்ட் கருகாமல் காப்பது) ரோட்டரையும் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் திருப்பும் சுழலி) நம்பாதீர்கள். நன்றாக ஓடும் பழையது கையில் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். இன்னொன்று: இந்தக் கார் நேர்முனை எர்த்தோடு, அதாவது பற்றறியின் நேர்முனை உடலில் இணைந்தபடி, வந்தது. யாராவது ஓல்ற்றனேற்றர் பொருத்தி எதிர்முனை எர்த்தாக மாற்றியிருந்தால் கொயிலின் (பொறிக்கு உயர் வோல்ற்றேஜ் தருவது) இரண்டு சிறிய வயர்களையும் இடம்மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் பொறி பாயக் கூடுதல் வோல்ற்றேஜ் கேட்கும், ஏற்றத்தில் மிஸ் அடிக்கும். எலக்ட்ரோனிக் இக்னிஷன் வாங்குவதானாலும் முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்தே வாங்குங்கள். பிழையாகக் கொடுத்தால் ஒரு நொடியில் கருகிவிடும்.

டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பிஸ்ரன் உச்சிக்கு வர 3 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையில் முன்னதாக வைத்துத் தொடங்கலாம். 92 ஒக்டேனில் ஏற்றத்தில் டிங் டிங் என்று தட்டினால் 95 அடியுங்கள். தட்டலை நிறுத்த டைமிங்கை மிகவும் பின்னுக்கு இழுப்பது எக்ஸோஸ்ட் வால்வைச் சுட்டுப் பொசுக்கும். அந்தக் காசு பெற்றோலில் போகட்டும்.

சூட்டில் ஸ்டார்ட் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இந்த எஞ்சினில் காபரேற்றரும் எக்ஸோஸ்ட் மனிபோல்டும் ஒரே பக்கத்தில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிறுத்தியவுடன் சூடு மேலே ஏறி, மிதவைக் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்துப்போகும். மற்றது, சூட்டில் சோரும் கொயில் அல்லது கொண்டென்சர். எது என்று அறிய, அடுத்தமுறை நிற்கும்போது ஒரு பிளக்கைக் கழற்றி உடலில் வைத்துப் பொறியைப் பாருங்கள். பெற்றோல் ஆவி பற்றாதபடி அந்தத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். நீலமாகப் பளிச்சென்று வந்தால் பெற்றோல் பக்கம் குற்றம், மஞ்சளாக நலிந்து வந்தால் மின்சாரப் பக்கம். பெற்றோல் என்றால், காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவே இருந்த வெப்பத் தகடு இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ கார்களில் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

தெர்மோஸ்ரற்றை (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு) எடுத்துவிட்டு ஓடுவது நம் பக்கத்துப் பழக்கம். வேண்டாம், அது எஞ்சினைச் சரியான சூட்டுக்கு வரவிடாமல் ஒயிலைக் கெடுக்கும். 74 பாகை தெர்மோஸ்ரற் போடுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் விடவே வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் குழாய்களை அடைக்கும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரோ, பற்றறித் தண்ணீரோ எடுத்து, துருத் தடுப்புக் கூலன்ட் கலந்து விடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இந்தக் காரின் எஸ்யூ (SU) காபரேற்றர். அதன் உச்சியிலுள்ள டாஷ்பொட்டில் மெல்லிய ஒயில் இருக்கட்டும். எஞ்சின் ஐடிலில் ஓட, காபரேற்றர் பிஸ்ரனை மெல்ல ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. காபரேற்றரின் அடியிலுள்ள ஜெற் நட்டைக் கீழே இறக்கினால் பெற்றோல் கூடும். ஒரு தடவைக்கு அறுகோணத்தின் ஒரு முகம் மட்டும் திருப்புங்கள்.

பிறகு ஒரு காலையில் லுணுகலை ஏறுங்கள். ஏற்றம் முடியும் இடத்தில், ஓரமாக, அக்சிலரேற்றரை விடாமலே சுவிட்சை அணைத்து கிளச்சை மிதித்து நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேநீர் நிறம் என்றால் விட்டுவிடுங்கள். சாம்பல் வெள்ளை என்றால் நட்டை ஒரு முகம் இறக்குங்கள், கருமை என்றால் ஒரு முகம் ஏற்றுங்கள். அந்த ஏற்றத்தை மிஸ் அடிக்காமல் ஏறிவிட்டால் பெரிய காபரேற்றருக்கான காசை ஹெட் வேலைக்கு வைத்திருங்கள்.