பூண்டும் தேனும் பைலோரியை விரட்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மேல்வயிற்று எரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்ததில் எச். பைலோரி கிருமி இருப்பது தெரிந்தது. கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின், அமிலம் குறைக்கும் மாத்திரை என்று 14 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரும்பைச் சப்பியது போல வாயெல்லாம் கசந்ததால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன். இப்போது நாத்தனார் சொன்னபடி தேனில் ஊறிய பூண்டும் அதிமதுரப் பொடியும் சாப்பிடுகிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இப்படியே தொடரலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: எரிச்சல் குறைந்ததாக நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எரிச்சல் வேறு, கிருமி வேறு. பைலோரி குடியிருக்கும் வயிறுகளில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. வயிறு அடங்கிவிட்டதால் கிருமி போய்விட்டது என்று கணக்குப் போட முடியாது.

ஆய்வுக்கூடத்துத் தட்டில் பூண்டுச்சாறு இந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மைதான். மஞ்சளுக்கும் தேனுக்கும்கூட அந்தப் பெருமை உண்டு. வயிற்றுக்குள் நிலைமை வேறு. பைலோரி யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு, இரைப்பைச் சுவரின் கோழைப் படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. விழுங்கிய பூண்டு அங்கே போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கிருமி உள்ள 12 பேரில் பத்துப் பேருக்கு உணவோடு பத்துப் பல் பச்சைப் பூண்டை நறுக்கிக் கொடுத்து மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். கிருமி அசைந்து கொடுக்கவில்லை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த பிஸ்மத் மருந்துதான் அதை அடக்கியது. அந்தப் பத்துப் பல்லையும் தின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பரிதாபமாக இருக்கிறது.

பூண்டு போகட்டும், சமையலில் தாராளமாகச் சேருங்கள். அதிமதுரத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்தம் ஏறும். தினசரி அதிமதுரப் பொடி உங்களுக்கு ஆகாது.

கிருமியை அப்படியே விட்டுவைக்கலாமா என்றால், கூடாது. அது வயிற்றுப் புண்ணுக்குக் காரணமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994இலேயே இதைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இந்தக் கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதால் பதற வேண்டியதில்லை. அலட்சியமும் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டிய மாற்று வழி மருந்துக் கடையில்தான் இருக்கிறது. கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின். ஐந்து நாள் தின்று பாதியில் விட்டதால், மிஞ்சிய கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகியிருக்கக்கூடும். ஆகவே அதே கூட்டை மறுபடி தொடங்காதீர்கள். பாதியில் விட்டதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால், பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரானிடசோல் ஆகியவற்றோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டைப் பற்றி யோசிப்பார். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதையும் 14 நாள் முடிக்க வேண்டும். மெட்ரானிடசோலும் வாயில் உலோகச் சுவை தரும். அதை முன்பே தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்குங்கள். மோர் வயிற்றுக்கு நல்லதென்று டெட்ராசைக்ளினோடு சேர்த்துக் குடித்துவிடாதீர்கள். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதி. வயிற்றுப்போக்கு வந்தால் சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் அடங்கிய புரோபயாடிக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். சிகிச்சைக்குத் துணையாக நான் சம்மதிக்கும் 'இயற்கை' மருந்து அது ஒன்றுதான்.

பிஸ்மத் சாப்பிட்டால் மலம் கறுக்கும், நாக்கும் கறுக்கும். இதை நான் முன்கூட்டியே சொல்ல மறந்ததால் ஒரு நோயாளி, விடியற்காலையில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். ஆனால் மலம் தார் போல ஒட்டிக் கடும் நாற்றமெடுத்தாலோ, தலை சுற்றினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அது பிஸ்மத்தின் வேலையல்ல. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரைகள் முடிந்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போனதை உறுதி செய்துகொள்ளுங்கள். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்திருந்தும் 'இல்லை' என்று வரும். ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். கிருமி போய் மாதக்கணக்கான பிறகும் அது 'இருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.