கேம் நிறுவனம் மூடிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய கேம் போய்விடுமா?

அந்த கேம் ஓடுவதற்கு யாருடைய சர்வர் வேண்டும் என்பதைப் பொறுத்தது. 2018-ல் டெல்டேல் கேம்ஸ் மூடப்பட்டபோது அதன் கேம்கள் பல, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் முன்பே வாங்கியவர்களால் டவுன்லோடு செய்ய முடிந்தது. ஃபைல்கள் இருந்தது ஸ்டீமின் சர்வரில்.

யூபிசாஃப்டின் 'தி க்ரூ' விஷயம் வேறு. நிறுவனம் மூடப்படவே இல்லை. ஆனால் 2014-ல் வந்த அந்தக் கார் பந்தய கேம், தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. முழு விலை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. "உங்களுக்குக் கொடுத்தது வெறும் உரிமம்" என்பதுதான் நிறுவனங்களின் வாதம். கலிஃபோர்னியாவில் 2025 முதல் அதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஜிஓஜி தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீமில் என்றால், காசு கட்டும் முன் கேம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். வேறு நிறுவனக் கணக்கு தேவை என்று போட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பியிருக்க வேண்டிவரலாம்; யோசித்து வாங்குங்கள்.