முகவரிச் சான்று இல்லாத கர்ப்பிணிக்கு: மறுமொழி

வணக்கம். இங்கிலாந்தில் தஞ்சம் கோரியிருக்கும் உங்கள் மைத்துனி, 26ஆவது வாரத்தில் வேறு நகரத்து விடுதிக்கு மாற்றப்பட்டதாகவும், முகவரிச் சான்று இல்லையென்று அங்குள்ள ஜிபி (குடும்ப மருத்துவர்) நிலையம் பதிவு செய்ய மறுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்த மறுப்பு தவறானது. ஜிபியிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. அதைச் சொல்லி மறுபடியும் கேளுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவை நேரடியாகத் தொடர்புகொண்டால் மிட்வைஃப் (மகப்பேற்றுத் தாதி) சந்திப்பைப் பெறலாம். பழைய ஊரில் செய்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனைக் குறிப்புகளை உங்கள் மைத்துனி கையோடு கொண்டு செல்லட்டும். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் பின்னர் கட்டணச்சீட்டு வரக்கூடும் என்றாலும், பணத்தைக் காரணம் காட்டி மகப்பேற்றுச் சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது.

அவருடைய கணவரே மொழிபெயர்ப்பதாகச் சொன்னீர்கள். நல்ல எண்ணந்தான், ஆயினும் கணவர் முன் சொல்லத் தயங்கும் செய்திகள் எந்தப் பெண்ணுக்கும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள்.

உள்துறை அமைச்சின் உதவித்தொகை பெறுபவராயின், மகப்பேற்றுக்கென ஒருமுறை வழங்கப்படும் 300 பவுண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் தாய்க்குக் காரணமின்றி அழுகை வருவது வழக்கம். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் அது நீடித்தால், 6 முதல் 8 வாரத்தில் நடக்கும் ஜிபி பரிசோதனை வரை பொறுத்திராமல், வீட்டுக்கு வரும் சுகாதாரத் தாதியிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள்.