குத்துச்சண்டையில் உச்சத்தில் இருந்த முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்?

சரி, 1966-ன் அலி, 1988-ன் டைசன் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம், எத்தனை சுற்று? அலி காலத்தில் பட்டப் போட்டிக்கு 15. ஸ்பிங்க்ஸை டைசன் 91 விநாடியில் சாய்த்த போட்டிக்கு 12.

ஆரம்பச் சுற்றுகளில் அலிக்குத்தான் ஆபத்து. கையைத் தாழ்த்திவைத்து, தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிப்பது அவர் பழக்கம். அதற்கு இடது ஹூக்தான், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் இடதுகைக் குத்துதான் எமன். 1971-ல் ஃப்ரேசியர் அதை வைத்தே அவரை 15-ஆம் சுற்றில் கீழே தள்ளினார். ஆனால் அலி உடனே எழுந்துவிட்டார்!

டைசனோ, 1990-ல் டோக்கியோவில், உயரமான டக்ளஸின் நீண்ட ஜாபுக்கு (கையை நேராக நீட்டி விடும் வேகமான குத்து) விடை தெரியாமல் 10-ஆம் சுற்றில் விழுந்தார். அலிக்கும் கிட்டத்தட்ட அதே உயரம், கால் வேகமோ இன்னும் அதிகம். ஆறாம் சுற்றைத் தாண்டிவிட்டால் என் ஓட்டு அலிக்கே.