பழைய குப்பைமேட்டில் குழாய் இறக்கினால் வண்டிக்கு கேஸ் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக் குப்பைக் கிடங்கு 6 ஏக்கர். 25 வருடமாகத் தினமும் சுமார் 10 டன் கொட்டுகிறோம். மேடு 15 அடி உயரம் இருக்கும், கோடையில் அடிக்கடி தீப்பிடிக்கும். ஆலோசகர் ஒருவர் வந்து, ஓரிடத்தில் கம்பி இறக்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். “மீத்தேன் 50 சதவீதம் இருக்கிறது. சுத்தம் செய்து சி.என்.ஜி. வண்டிகளுக்கு விற்கலாம்” என்கிறார். எண்ணெய் நிறுவனத்தின் கடிதம் வாங்கித் தர 4 லட்சம் கேட்கிறார். இடத்தை 30 வருடக் குத்தகைக்கு விட மன்றத் தீர்மானமும் வேண்டுமாம். நம்பலாமா? – வார்டு உறுப்பினர்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள், தீர்மானமும் போடாதீர்கள். உங்கள் கிடங்கிலிருந்து வண்டி எரிபொருள் எடுக்க முடியாது.

அவர் காட்டிய 50 சதவீதம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குப்பைக்குள் அசையாமல் தேங்கிக் கிடக்கும் வாயுவில் கம்பி இறக்கினால் அந்த அளவு வரலாம். ஆனால் சதவீதம் வேறு, அளவு வேறு. கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, எத்தனை ஏக்கர் பாயும் என்று சொல்ல முடியுமா? மோட்டார் போட்டு இறைத்துத்தானே பார்க்க வேண்டும்? இங்கும் அப்படித்தான். குப்பையின் ஆழத்தில் முக்கால் பங்குவரை அகலமாகத் துளையிட்டு, ஓட்டை போட்ட எச்.டி.பி.ஈ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, மேல்பகுதியைப் பென்டோனைட் களிமண்ணால் அடைக்க வேண்டும். பிறகு புளோவர் (உறிஞ்சும் விசிறி) வைத்து வாரக்கணக்கில் உறிஞ்சி, மணிக்கு எத்தனை கன மீட்டர் வருகிறது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். இந்தச் சோதனை இல்லாத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். தினம் 10 டன், 25 வருடம் என்றால் சுமார் 90 ஆயிரம் டன். அதிலும் எரிந்தது போக மீதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குறைந்தது 10 லட்சம் டன் குப்பை இருக்கும் கிடங்குகளைத்தான் இதற்கு ஏற்றவை என்று எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு இருந்தும் தினம் வருவது சுமார் 12,000 கன மீட்டர் வாயு, மின்சாரமாக்கினால் முக்கால் மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். உங்களிடம் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அளவை விடப் பெரிய சிக்கல் காற்று. மூடப்படாத, உயரம் குறைந்த மேட்டில் புளோவர் போட்டால் மேலிருந்து வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். காற்றில் வரும் நைட்ரஜனைப் பிரிப்பதுதான் கடினம். சாதாரண சுத்திகரிப்பு இயந்திரங்கள் கரியமில வாயுவை நீக்கும், நைட்ரஜனை மீத்தேனோடு சேர்த்தே அனுப்பிவிடும். உதாரணமாக, மீத்தேன் 50, கரியமில வாயு 35, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கரியமில வாயுவை முழுக்க நீக்கினாலும் மீதி 65 பங்கில் மீத்தேன் 50, அதாவது 77 சதவீதம். ஐ.எஸ். 16087 தரப்படி வண்டி எரிபொருளுக்குக் குறைந்தது 90 சதவீதம் வேண்டும். அந்த மீட்டரில் நாலு எண்கள் தெரியும்: மீத்தேன், கரியமில வாயு, ஆக்சிஜன், ‘பேலன்ஸ்’ (மீதி). அந்தக் கடைசி எண் பெரும்பாலும் நைட்ரஜன்தான். ஆலோசகர் எடுத்த போட்டோவில் அது மறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். தவிர, காற்று உள்ளே போனால் குப்பை அடியில் புகையும். வாயு உறிஞ்சும் குழாயின் வாயில் வெப்பம் 55 டிகிரியையோ ஆக்சிஜன் 5 சதவீதத்தையோ தாண்டினால் உறிஞ்சுவதை உடனே குறைக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லித்தான் உங்களைப் பேசி மடக்குவார்கள். கலிஃபோர்னியாவின் ஆல்டமோன்ட் கிடங்கில் 2009 முதல் குப்பை வாயுவைத் திரவமாக்கிக் குப்பை லாரிகளையே ஓட்டினார்கள். அது உண்மை. ஆனால் அத்தகைய கிடங்கு வேறு வகை. அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கழிவுநீரை வடித்து, கொட்டக் கொட்ட மண்ணால் மூடி இறுக்கி, பல மாடி உயரத்துக்கு எழுப்பியது. கிடங்கை மூடிய சில வருடங்களுக்குள் வாயு எடுத்தாகவும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்திருந்தால் மட்டுமே பேசலாம். மேலே இரண்டு லோடு செம்மண் பரப்பினால் அது ‘மூடிய கிடங்கு’ ஆகிவிடாது. மழைக்காலத்தில் வாயு உறிஞ்சும் குழாய்க்குள் கழிவுநீர் ஏறி நின்றால் வாயு வரத்தும் நின்றுபோகும்.

அந்தக் கடிதத்துக்கு வருவோம். 2018இல் தொடங்கிய, கழிவிலிருந்து எடுக்கும் வாயுவை வண்டி எரிபொருளாக்கும் மத்திய அரசின் ‘சதத்’ திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்கள் தருவது, தரமான வாயு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்ற விருப்பக் கடிதம். அது கடனும் அல்ல, மானியமும் அல்ல, உங்கள் மேட்டில் வாயு இருக்கிறது என்பதற்கான சான்றும் அல்ல. நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. ‘கார்பன் கிரெடிட் பங்கு’ (மாசு குறைத்ததற்குக் கிடைக்கும் பணத்தில் பங்கு) என்று ஆலோசகர் ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அவர் குறி வாயு அல்ல, 30 வருடத்துக்கு உங்கள் 6 ஏக்கர்.

அலுவலகங்களின் போக்கும் எரிச்சலூட்டுகிறது. ஒரு பிரிவு பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுவது) டெண்டர் விடுகிறது, இன்னொரு பிரிவு அதே மேட்டுக்கு எரிவாயுத் திட்டம் கேட்கிறது. பயோமைனிங்கில் குப்பையைக் கிளறிக் காற்றுப் படவைப்பார்கள். அதற்குப் பிறகு மீத்தேன் ஏது? உங்கள் கிடங்குக்குப் பயோமைனிங்தான் பொருத்தம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அந்த வழியில்தான் நிலத்தை மீட்கிறார்கள். செயல் அலுவலரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

இனி வரும் குப்பையில் வாயு எடுக்கலாம், ஆனால் வீட்டிலேயே தரம் பிரித்த ஈரக் குப்பையில் மட்டும். இந்தூர் ஆலை 550 டன் ஈரக் குப்பையிலிருந்து தினம் 17,000 கிலோ வாயு எடுக்கத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது, அதாவது டன்னுக்குச் சுமார் 31 கிலோ. உங்கள் 10 டன்னில் ஈரக் குப்பை 5 டன் என்றால் 150 கிலோ, பதினைந்து கார்களுக்குத்தான் காணும். அதற்காக வாயுவை 200 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் கம்பிரஸரும், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமமும் கட்டுப்படியாகாது. அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடை மட்டும் இரும்புத்தூள் வடிகட்டியில் நீக்கிவிட்டு ஜெனரேட்டர் ஓட்டுங்கள். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் உதவும். வடிகட்டாமல் ஓட்டினால் இன்ஜின் பேரிங் அரித்துப் போகும்.

இதற்கிடையில், மேட்டை ஒட்டிக் காவலாளி அறை இருந்தால் கதவு, ஜன்னலை இறுக்கமாக மூடி வைக்க விடாதீர்கள். மண் வழியே உள்ளே கசியும் மீத்தேன், அறைக் காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தால் பீடி நெருப்பே வெடிக்கப் போதும்.