பாதி முடிந்த கேமுடன் கூட்டத்துக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம் உருவாக்குவோர் தங்கள் ஊரிலேயே கூடிப் பேசும் சந்திப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டு வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வேலை முடிந்த பின் மாலை நேரங்களில் தனியாக ஓடிக் குதிக்கும் கேம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். எங்கள் ஊரில் மாதந்தோறும் கேம் டெவலப்பர்கள் கூடுகிறார்கள் என்று அறிந்தேன். அனுபவசாலிகள் நடுவில் அரைகுறை வேலையைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. முடித்துவிட்டுப் போவது நல்லதல்லவா?

முடியும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முடிந்த கேமுக்குப் பாராட்டு கிடைக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒருவர் சரியான குறையைச் சுட்டிக்காட்டினாலும், அதைத் திருத்துவதற்கான நேரமோ தெம்போ உங்களிடம் மிஞ்சியிருக்காது. உங்கள் கேமையே எடுத்துக்கொள்வோம். நாயகன் இன்னும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியாக இருக்கும்போது, அவன் குதிக்கும் உயரத்தை மாற்றுவது ஒரு மாலை நேர வேலைதான். எல்லா நிலைகளிலும் உள்ள ஒவ்வொரு மேடையையும் பள்ளத்தையும் அந்த உயரத்துக்கு அளந்து அமைத்து, ஓவியமும் ஒலியும் சேர்த்த பிறகு அதே மாற்றத்தைச் செய்ய நினைத்தால், அத்தனை நிலைகளையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். குதிப்பது மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொல்லப்போகிறார் என்றால், அதை அவர் பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

இத்தகைய கூட்டங்கள் தோன்றியதற்கான காரணமே இதுதான். இன்று பல்லாயிரம் பேர் திரளும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ், 1988-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், கிறிஸ் கிராஃபர்ட் என்ற வடிவமைப்பாளரின் வீட்டு வரவேற்பறையில் ஏறத்தாழ 27 பேருடன் தொடங்கியது. அதே ஆண்டில் நடந்த அடுத்த கூட்டம் ஒரு ஹோட்டலுக்கு மாற்றப்பட்டு, அதற்குச் சுமார் 125 பேர் வந்தார்கள். தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒரே சிக்கல்களோடு போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தச் சிக்கல்களைப் புரிந்துகொண்டு பேசக்கூடிய இன்னொருவர் தேவைப்பட்டார் என்பதையே அந்த வளர்ச்சி காட்டுகிறது. நீங்கள் அனுபவசாலிகள் என்று அஞ்சுகிறவர்களின் மடிக்கணினியிலும் கைவிடப்பட்ட திட்டங்கள் ஒரு கோப்புறை நிறைய இருக்கும். முதல் முறை வெறுங்கையோடு போய் மற்றவர்களின் கேமை விளையாடிப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் பெட்டி நாயகனைக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: சந்திப்பில் என் கேமைக் காட்டினேன். பலர் விளையாடினார்கள், எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். உருப்படியான கருத்தை எப்படிப் பெறுவது?

உருவாக்கியவரே பக்கத்தில் நின்று ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், பண்புள்ள எவரும் அந்த ஒரு பதிலைத்தான் சொல்வார். ஆகவே கேட்பதைக் குறைத்துக்கொண்டு, பார்ப்பதைக் கூட்டுங்கள். விளையாடுகிறவர் சொல்வதைவிட அவருடைய கைகள் செய்வதே நம்பத்தக்கது.

ஒரு சந்திப்பில் நான் அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் இளம்பெண் தன் கேமை மேசைமேல் வைத்திருந்தார். இரண்டாம் அறையில் ஒரு மேடைமேல் சாவி மின்னிக்கொண்டிருக்கும். அதை எடுத்தால்தான் கதவு திறக்கும். விளையாட உட்கார்ந்தவர் அந்தச் சாவியைத் தாண்டித் தாண்டி நடந்தார், பிறகு சுவரை உடைக்க முயன்றார். உருவாக்கியவரின் கை திரையை நோக்கி எழுந்து, பாதியில் தாழ்ந்தது. வாயைத் திறக்காமல் குறிப்பேட்டில் ‘சாவி, விளக்கு, ஒரே மஞ்சள்’ என்று மட்டும் எழுதினார். அடுத்து வந்தவரும் அதே இடத்தில் அப்படியே தடுமாறினார். உடனே அந்தப் பெண், கேமை உருவாக்கும் மென்பொருளான என்ஜினைத் திறந்து, சுவர் விளக்குகளின் ஒளியை வெளிர்நீலமாக மாற்றிவிட்டு, அடுத்தவரை உட்கார வைத்தார். அவர் அறைக்குள் நுழைந்ததும் நேராகச் சாவியிடம் போனார். அந்தப் பெண் ‘சாவி அங்கே இருக்கிறது’ என்று முதலாமவரிடமே சொல்லியிருந்தால், அந்தக் குறை கேமுடனேயே வெளியாகியிருக்கும். விலை கொடுத்து வாங்கி வீட்டில் விளையாடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று யாரும் வழி சொல்லப்போவதில்லை.

ஆகவே விளையாடுகிறவர் சிக்கிக்கொள்ளும்போது வாய் திறக்காமல் இருக்கப் பழகுங்கள்; இது நினைப்பதைவிடக் கடினமானது. முடித்த பின்பு, ‘இந்த இடத்தில் என்ன செய்ய நினைத்தீர்கள்?’, ‘எந்த இடத்தில் போதும் என்று தோன்றியது?’ என்று நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். வந்திருப்போரில் பலர் உங்களைப் போன்றே டெவலப்பர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் குறையைச் சொல்வதோடு நிற்காமல், அதற்கான தீர்வையும் கையோடு கொடுப்பார்கள். குறை பெரும்பாலும் உண்மையாக இருக்கும். தீர்வோ அவர்கள் உருவாக்க விரும்பும் வேறொரு கேமுக்கு உரியதாக இருக்கும். முன்னதைக் குறித்துக்கொண்டு, பின்னதற்கு நன்றி சொல்லுங்கள். கேம் பழக்கமே இல்லாமல் நண்பரோடு துணைக்கு வந்தவர் யாராவது ஓரமாக நின்றால், அவரைக் கட்டாயம் விளையாட அழையுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் இருந்தால், அவருடைய கருத்து மிகவும் மதிப்புள்ளது.

செயல்முறையில் சில விஷயங்களைக் கவனியுங்கள். என்ஜினின் எடிட்டரிலிருந்து ஓட்டாமல், முந்தைய நாளே தனியாக ஓடக்கூடிய பில்டாக எடுத்து, இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள். கூடத்தின் இரைச்சலில் ஒலி கேட்காது என்பதால் ஹெட்ஃபோன் தேவை. ஒருவர் எழுந்ததும் கேமைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஒரே பொத்தான் இருக்கட்டும்.

கேள்வி: காட்டினால் என் ஐடியாவை யாராவது திருடிவிடமாட்டார்களா?

ஒரு வரி ஐடியாவிலிருந்து விளையாடத்தக்க கேமை எட்டுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது அந்த அறையில் உள்ள அனைவருக்கும் தெரியும். அவரவர் ஐடியாவை முடிக்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை. உங்களைக் காக்கப்போவது அந்தக் கேமைச் செய்து முடிக்கும் விதம்தான். ஆனால் வேறொரு எச்சரிக்கை உண்டு. நீங்கள் ஏதேனும் ஸ்டுடியோவில் பணிபுரிகிறீர்கள் என்றால், உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அலுவலகத் திட்டங்களைப் பற்றி வெளியே பேசுவதைத் தடுக்கும் ரகசியக் காப்பு விதி அதில் இருக்கக்கூடும். ஓய்வு நேரத்தில் நீங்கள் செய்யும் கேமின் உரிமையையும் நிறுவனத்துக்கே அளிக்கும் விதிகள் சில ஒப்பந்தங்களில் உள்ளன.

கேள்வி: அடுத்த சந்திப்பில் இருபது நிமிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் வெளியிட்ட ஒரே கேம் சரியாக விற்கவில்லை. எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

விற்காத கேமைப் பற்றி நேர்மையாகப் பேச முன்வருகிறவர் கிடைப்பது அரிது. அந்தத் தகுதியே போதும். எது சரியாக அமைந்தது, எது பிசகியது என்று வெளியீட்டுக்குப் பின் கேமைப் பிரித்துப் பார்க்கும் போஸ்ட்மார்ட்டம் உரைகள் இந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். கேட்க வருகிறவர்கள் வெற்றிக் கதையைக் காட்டிலும், அடுத்த மாதமே தாங்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கு உதவும் செய்தியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். டெமோவை எப்போது வெளியிட்டீர்கள், வெளியீட்டு நாளுக்கு முன் எத்தனை பேர் இணையக் கடையில் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், மொழிபெயர்ப்புக்குச் செலவழித்தது திரும்பி வந்ததா என்பவற்றை எண்களோடு சொல்ல உங்களால் முடியும் என்றால், அந்த உரையை யாரும் பாதியில் விட்டு எழமாட்டார்கள்.

இருபது நிமிடத்தில் உங்கள் முழு வரலாற்றையும் அடக்க முயல வேண்டாம். ஒரே ஒரு சிக்கலை எடுத்து, அதன் அடி வரை செல்லுங்கள். ‘கேமரா ஏன் தலையைச் சுற்ற வைத்தது, அதை எப்படிச் சரிசெய்தேன்’ என்பது நல்ல தலைப்பு. ‘கேம் வடிவமைப்பு: ஓர் அறிமுகம்’ என்பதை எங்கிருந்தும் கற்றுக்கொள்ளலாம். கேமைப் பற்றி வார்த்தையால் மட்டும் விளக்காமல், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த சிறு வீடியோக்களை அடுத்தடுத்து ஓடவிடுங்கள். மேடையில் கேமை நேரடியாக விளையாடிக்கொண்டே பேசுவது பெரும்பாலும் இரண்டையும் கெடுக்கும். நிரல் வரிகளைக் காட்டுவதாக இருந்தால், கடைசி வரிசையில் இருப்பவரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக, நான்கைந்து வரிகளுக்குள் காட்டுங்கள்.

கேள்வி: நான் இசையமைப்பாளன், நிரல் எழுதத் தெரியாது. நண்பர்கள் கேம் ஜாமுக்கு அழைக்கிறார்கள். இரண்டு நாளில் கேம் செய்வதால் என்ன பயன்?

உங்களைப் போன்றவர்களுக்கு ஜாமைவிட நல்ல நுழைவாயில் இல்லை. நிரலாளர்கள் நிறைந்திருக்கும் அந்த இடத்தில் இசைக்கும் ஓவியத்துக்கும் ஆள் தேடி ஒவ்வொரு குழுவும் அலையும். லூடம் டேர் என்ற ஜாம் 2002-இலும், பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் 2009-இலும் தொடங்கின. ‘சர்ஜன் சிமுலேட்டர்’ 2013-ஆம் ஆண்டின் குளோபல் கேம் ஜாமில், 48 மணி நேரத்தில் உருவான முன்மாதிரியிலிருந்து வளர்ந்தது. ‘பாபா இஸ் யூ’ 2017-ஆம் ஆண்டின் நார்டிக் கேம் ஜாமில் பிறந்து, 2019-இல் முழுக் கேமாக வெளிவந்தது. அத்தகைய பலன் அரிதாகத்தான் கிடைக்கும். எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது வேறு: யாரோடு சேர்ந்து வேலை செய்ய முடியும், யாரோடு முடியாது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். ஓராண்டுத் திட்டத்தில் கூட்டுச் சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு வலி தரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இரவு தூங்குங்கள், தூக்கம் கெட்டவர் இரவெல்லாம் எழுதிய நிரலைக் காலையில் அவரே அழித்துக்கொண்டிருப்பது ஜாம்களில் வழக்கமான காட்சி.

கேள்வி: நாங்கள் நடத்தும் சந்திப்புக்குத் தொடக்கத்தில் கூடம் நிறைந்தது, இப்போது பத்துப் பேர் வருகிறார்கள். பெரிய பேச்சாளர்களை அழைத்தால் சரியாகுமா?

ஒரு மாதத்துக்குச் சரியாகும். பெயருக்காக வந்தவர்கள் அடுத்த மாதம் வேறு பெயர் இல்லை என்றால் வரமாட்டார்கள்; நீங்களும் பேச்சாளரைத் தேடியே களைத்துப்போவீர்கள். பத்துப் பேர் தொடர்ந்து வருவது தோல்வி அல்ல. சந்திப்பை நிலைநிறுத்துவது மாறாத நாளும் மாறாத இடமும்தான். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்றால், ஐந்து பேர் வந்தாலும் அன்றைக்கே நடத்துங்கள். நேரத்தில் பாதிக்கு மேல் கேம்களை விளையாடிப் பார்ப்பதற்கு ஒதுக்கி, உரையைச் சுருக்குங்கள். ஆதரவு தரும் நிறுவனம் தன் மென்பொருளை விற்கும் நோக்கத்தோடு பேச விரும்பினால், அதை அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தொழில்நுட்ப உரை என்று நம்பி வந்தவர் விளம்பரம் கேட்டுத் திரும்பினால், மறுபடி வரமாட்டார்.

சிறிய சந்திப்பும் நெருக்கடி வேளையில் பெரிதும் கைகொடுக்கும். 2023 செப்டம்பரில், கேம் என்ஜின் தயாரிக்கும் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு நிறுவல் எண்ணிக்கையின் அடிப்படையில் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் அதைத் தளர்த்தி, 2024 செப்டம்பரில் கைவிட்டது. அந்த இடைக்காலத்தில், பாதியில் நிற்கும் கேமைக் கட்டற்ற மென்பொருளான கொடோ என்ற என்ஜினுக்கு மாற்றுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா என்ற கேள்விக்கு, மாற்றிப் பார்த்த ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்பதற்கு ஈடாக எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் இல்லை.

புதிதாக வருகிறவர் தனியாக நிற்காதபடி பார்த்துக்கொள்வதை ஒருவருடைய பொறுப்பாகவே ஆக்குங்கள். நடத்தை விதிகளை எழுதி வைத்து, யாரிடம் முறையிட வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்; பெண்கள் ஒருமுறை வந்துவிட்டு நின்றுபோகிறார்கள் என்றால், காரணத்தை அவர்களிடமே கேளுங்கள், கேட்ட பின் செயல்படுங்கள். அமைப்பாளர் பொறுப்பையும் சுழற்சியில் வையுங்கள். ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் கூடத்தைத் திறந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தால், அவர் சோர்ந்துபோகும் நாளில் சந்திப்பும் நின்றுவிடும். அதற்குள் அவருடைய சொந்தக் கேமும் நின்றுபோயிருக்கும்.

கேள்வி: படிப்பை முடிக்கப்போகிறேன். இத்தகைய சந்திப்பில் வேலை கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முதல் வாக்கியமாகக் கேட்க வேண்டாம். எதிரில் இருப்பவரின் கேமை விளையாடுங்கள்; பிழை ஒன்று கண்ணில் பட்டால், அதை மீண்டும் வரவழைப்பது எப்படி என்று படிப்படியாக எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் உங்கள் திறமைக்கு நல்ல சான்றாக இருக்கும். பிறகு நீங்கள் செய்ததைக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் விளையாடி முடிக்கக்கூடிய சிறு கேமாக அது இருப்பது நல்லது; குழுவாகச் செய்ததாக இருந்தால், அதில் உங்கள் பங்கு எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.